எருசலேமில் ஏழாம் மாதம்

கோடை வெயில் ஏறிக் காய்ந்த சுண்ணாம்புக் கற்கள் இரவிலும் சூடு தணியாமல் இருக்க, முதல் மழை என்றைக்கு விழும் என்று மனிதர்கள் வானத்தைப் பார்க்கத் தொடங்கும் பருவத்தில், நம்முடைய புரட்டாசியும் ஐப்பசியும் கலந்து வரும் நாட்களில், யூதர்களுடைய பஞ்சாங்கத்தில் திஷ்ரி மாதம் பிறக்கிறது. லேவியராகமத்தின் 23-ஆம் அதிகாரம் இதை ஏழாம் மாதம் என்று மட்டும் குறிப்பிட்டுவிட்டு, அதன் 1-ஆம் தேதியில் எக்காளம் ஊதும் நாளையும், 10-ஆம் தேதியில் பாவநிவாரண நாளையும், 15-ஆம் தேதி தொடங்கி ஏழு நாட்களுக்குக் கூடாரப் பண்டிகையையும், அதன்பின் எட்டாம் நாளில் ஒரு நிறைவுச் சபையையும் விதிக்கிறது. மூன்று வாரங்களுக்குள் இத்தனை விசேஷங்களும் ஒன்றன்பின் ஒன்றாக வருவதால், அந்த மாதத்தில் எருசலேமின் எந்த அலுவலகத்துக்குப் போய் எந்தக் காரியத்தைக் கேட்டாலும், பண்டிகைகள் முடியட்டும் என்ற ஒரே பதில்தான் கிடைக்கிறது.

நெல்லைச் சீமையில் ஓர் ஓய்வுநாள் பாடசாலையில் அந்த அதிகாரத்தை மனப்பாடமாக ஒப்பித்து வளர்ந்த எனக்கு, பாடத்தில் படித்ததைப் பிரத்தியட்சமாகக் காணும் ஆவல் வெகுநாளாக இருந்தது உண்மைதான். ஆயினும், 2023-இல் மூண்ட போருக்கு முந்திய ஓர் ஆண்டில் நான் அந்தப் பிரயாணத்தை மேற்கொண்டது முக்கியமாக ஒரு சிறு கூட்டத்தாரைக் காண்பதற்காகவே. நாசரேத்து இயேசுவை இஸ்ரவேலின் மேசியா என்று விசுவாசித்த பிறகும், யூதர்களாய்ப் பிறந்த தாங்கள் யூதர்களாகவே வாழ்ந்து மடிய வேண்டும் என்ற சங்கற்பத்தோடு, அவரை யேசுவா என்ற எபிரெயப் பெயராலேயே அழைத்து, கிறிஸ்துமஸைப் பெரும்பாலோர் கொண்டாடாமல் விட்டு, முன்னோர்களின் பண்டிகைகளையே அனுஷ்டித்து வரும் இவர்களை மேசியானிய யூதர் என்பார்கள். மேசியா வந்துவிட்டார் என்று நம்புகிறவர்களுக்கு, இன்னும் வராத ஒன்றை நோக்கியே நகரும் இந்த மாதம் என்ன பொருளைத் தருகிறது என்பதை அவர்கள் நடுவிலேயே இருந்து அறிய விரும்பினேன்.

யாப்பா வாசலுக்குள் நுழைந்ததும், தாவீதின் கோபுரம் என்று வழங்கும் பழைய கோட்டைக்கு எதிரே, கிறிஸ்து ஆலயம் என்ற ஆங்கிலிக்கன் கோயில் இருக்கிறது. அதன் வளாகத்திலுள்ள விடுதியில் எனக்கு இடம் கிடைத்தது. 1849-இல் பிரதிஷ்டை செய்யப்பட்ட இவ்வாலயத்தினுள் சென்று, பீடத்தின் பின்னுள்ள மரவேலைப்பாட்டில் எபிரெய எழுத்துக்கள் வரிவரியாகச் செதுக்கப்பட்டிருப்பதைக் கண்டால், வந்தது கோயிலுக்கா, ஜெப ஆலயத்துக்கா என்று ஒரு கணம் மயக்கம் உண்டாகிறது. இந்நகரின் முதல் ஆங்கிலிக்கன் அத்தியட்சரான மைக்கேல் சாலமன் அலெக்சாந்தர், பிரஷ்ய நாட்டில் யூதராய்ப் பிறந்து, இங்கிலாந்தில் யூத சபைக்கு ஊழியம் செய்து, 1825-இல் ஞானஸ்நானம் பெற்றவர். 1842-இல் இங்கே வந்த அவர், 1845-இல் எகிப்துக்குச் செல்லும் வழியில் பாலைவனத்திலேயே இறந்துபோனதால், தாம் காண ஆசைப்பட்ட ஆலயம் எழும்பி முடிந்ததைக் காணவில்லை. அக்காலத்து மிஷன்களில் பலவும் யூதனைக் கிறிஸ்தவனாக்கிய கையோடு ஐரோப்பியனாகவும் ஆக்கிவிடவே முயன்றன. அந்தப் போக்குக்கு மாறாக, தாம் கண்ட மேசியாவுக்காக விருத்தசேதனத்தையும் ஓய்வுநாளையும் பண்டிகைகளையும் விடவேண்டியதில்லை என்று துணிந்து சொன்னவர், 1880-களில் கிஷினேவ் நகரில் தனிச் சபை கண்ட ஜோசப் ரபினோவிச். அமெரிக்காவில் 1915 முதல் எபிரெயக் கிறிஸ்தவர் சங்கம் என்று இயங்கிய ஸ்தாபனம், 1975-இல் மேசியானிய யூதர் சங்கம் என்று பெயரை மாற்றிக்கொண்டதற்குப் பின்னால் அவருடைய எண்ணமே நின்றது என்பது என் அபிப்பிராயம்.

இஸ்ரவேல் தேசத்தில் இவர்கள் நிலை எளிதானதன்று. 1948-இல் பிரிட்டிஷார் வெளியேறிய சமயத்தில், அங்கிருந்த யூதக் கிறிஸ்தவர்களில் பெரும்பான்மையோர் அச்சத்தால் கப்பலேறிவிட, விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே தங்கினார்கள். 1999-இல் எடுத்த ஒரு கணக்கில் 81 சபைகளும் வீட்டுக் கூட்டங்களும் இருப்பதாகத் தெரியவந்தது. அதன்பின் தொகை பெருகியிருக்கிறது. ஆயினும் 1989-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், இயேசுவை விசுவாசிக்கும் யூதர் வேறு மதத்தைச் சேர்ந்தவராகவே கருதப்படுவார் என்றும், யூதர் என்ற முறையில் குடியேறும் உரிமை அவருக்கு இல்லை என்றும் தீர்ப்பளித்தது. கடவுளையே மறுப்பவர் யூதராயிருக்கலாம், இயேசுவை ஏற்பவர் இருக்கலாகாது என்ற இந்த நிலை நமக்கு விசித்திரமாகத் தோன்றினாலும், சிலுவையின் பெயரால் அம்மக்கள் பட்ட பாட்டை அறிந்தவர்களுக்கு அதன் வேர் விளங்காமற் போகாது.

மேசியானியர் செய்வது நேற்று முளைத்த புதுமை என்று எண்ணுவோர், 386-ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் அந்தியோகியா நகரில் யோவான் கிறிசோஸ்தோம் நிகழ்த்திய பிரசங்கங்களை எடுத்துப் பார்க்க வேண்டும். யூதர்களுடைய எக்காளத்தைக் கேட்பதற்கும், அவர்களோடு உபவாசம் இருப்பதற்கும், கூடாரங்களைப் பார்ப்பதற்கும் தம்முடைய மந்தையைச் சேர்ந்தவர்களே திரண்டு ஓடுகிறார்கள் என்று, அந்த நாவன்மை மிக்க குரு, கேட்கக் கூசும் வசைகளோடு சீறுகிறார். யூதர்களோடு சேர்ந்து பண்டிகை கொண்டாடலாகாது என்று லவோதிக்கேயாவில் கூடிய சங்கம் விதி செய்ததும் அந்த நூற்றாண்டில்தான். ஒரு வழக்கத்தை இவ்வளவு கடுமையாகத் தடுக்கிறார்கள் என்றால், அதை ஆசையோடு கடைப்பிடித்தவர்கள் ஏராளம் என்றுதானே கொள்ளவேண்டும்? அன்று அறுக்கப்பட்ட கயிற்றின் மறுநுனியை இவர்கள் தேடி எடுக்கிறார்கள்.

எக்காள நாளன்று காலையில் நான் சென்ற சபை, மேற்கு எருசலேமில் கடைகள் நிறைந்த ஒரு கட்டடத்தின் மாடியில், பெயர்ப்பலகை இல்லாத ஒரு கூடத்தில் கூடியது. வாசலில் நின்ற இளைஞர் காதில் மாட்டும் ஒலிக்கருவி ஒன்றைக் கையில் கொடுத்து, ரஷ்ய மொழியா ஆங்கிலமா என்று கேட்டார். சோவியத் நாடு சிதறியபோது வந்து குடியேறியவர்கள் இச்சபைகளில் மிகுதியாதலால், எபிரெயத்தில் நடக்கும் ஆராதனையை மூலையில் அமர்ந்த ஒருவர் தணிந்த குரலில் மொழிபெயர்த்துக்கொண்டே இருக்கிறார். மற்ற யூதர்கள் இந்த நாளை ரோஷ் ஹஷானா என்று புத்தாண்டாகவே பெரிதும் கொண்டாட, இவர்களோ வேதத்தில் உள்ளபடி எக்காள நாள் என்று சொல்வதையே விரும்புகிறார்கள். எனினும் தேனில் தோய்த்த ஆப்பிள் துண்டும் மாதுளையும் இங்கேயும் மேஜைமேல் இருந்தன.

ஊதவேண்டியவர் பிரார்த்தனைச் சால்வையைத் தலைக்குமேல் இழுத்துவிட்டுக்கொண்டு, ஆட்டுக்கடாவின் வளைந்த கொம்பை உதட்டின் வலது கோடியில் பொருத்தினார். முதலில் வெறுங்காற்றுதான் சீறி வெளிவந்தது. ஒரு சிறுமி சிரித்தாள். அவர் உதட்டை நாவால் நனைத்துக்கொண்டு மறுபடியும் ஊத, பிசிறுள்ள, சுருதியில் அடங்காத, சங்கையோ நாதஸ்வரத்தையோ கேட்டுப் பழகிய செவி எதிர்பாராத ஓர் ஒலி கூடத்தை நிறைத்தது. நீண்டு செல்லும் ஓர் ஊதல், விம்முவதுபோல் மூன்று, தேம்புவதுபோல் ஒன்பது என்று அதற்கு இலக்கணம் உண்டு. கானானியச் சேனாபதி சிசெரா போரிலிருந்து திரும்பாதபோது ஜன்னலில் நின்று அழுத அவன் தாயின் அழுகை எத்தகையது என்று ஆராய்ந்து, அதைக் கொண்டே இந்த ஒலியின் அளவைத் தல்மூத் என்ற யூதச் சட்ட விளக்க நூலின் ரபிமார் நிர்ணயித்தார்கள். தங்கள் ஜனத்தின் பகைவனைப் பெற்றவளுடைய அழுகையைத் தங்கள் மகா பரிசுத்தமான நாளின் ஒலிக்கு அளவுகோலாக வைத்த அந்தப் பழைய பண்டிதர்களை எண்ணி நான் வியந்திருக்கையில், பிரசங்கம் ஆரம்பமாகிவிட்டது.

பிரசங்கியார் விளக்கியது மேசியானியரிடையே எங்கும் கேட்கக்கூடிய போதனைதான். வசந்தகாலப் பண்டிகைகள் மேசியாவின் முதல் வருகையில் நிறைவேறிவிட்டன: பஸ்காவில் அவர் மரித்தார், முதற்கனிகளின் நாளில் உயிர்த்தெழுந்தார், பெந்தெகொஸ்தேயில் ஆவியானவர் இறங்கினார். இலையுதிர்காலப் பண்டிகைகளோ இரண்டாம் வருகையைக் குறித்துக் காத்திருக்கின்றன. மரித்தோர் எழும்புவதற்குக் கடைசி எக்காளம் தொனிக்கும் என்று பவுல் கொரிந்தியருக்கும் தெசலோனிக்கேயருக்கும் எழுதியது இந்த நாளின் எக்காளத்தையே மனத்தில் கொண்டது என்றும், இஸ்ரவேல் முழுவதும் மனந்திரும்புவது பாவநிவாரண நாளின் நிறைவு என்றும், மேசியாவின் ராஜ்யம் கூடாரப் பண்டிகையின் நிறைவு என்றும் அவர் வரிசைப்படுத்தினார். இன்னும் ஒரு சாரார் ஒரு படி மேலே போகிறார்கள். பண்டிகைகளுள் இது ஒன்றே மாதத்தின் முதல் தேதியில் வருவது. பழங்காலத்தில் பிறையைக் கண்ட சாட்சிகள் எருசலேமுக்கு வந்து ஒரு முற்றத்தில் விசாரிக்கப்பட்டு, நியாயசபை அங்கீகரித்த பின்னரே மாதம் பிறந்ததாக அறிவிக்கப்பட்டு, ஒலிவ மலையிலிருந்து மலைக்கு மலை தீப்பந்தம் காட்டிச் செய்தி அனுப்பப்பட்டது. ஆகையால் நாளையும் நாழிகையையும் ஒருவரும் அறியாத பண்டிகை இதுவே, மேசியா வருவதும் இந்நாளிலேயே என்கிறார்கள். ரபிமாரின் பழைய சட்டத் தொகுப்பாகிய மிஷ்னாவில் உள்ள சாட்சிகளும் தீப்பந்தங்களும் உண்மையே. ஆனால் அங்கே சந்தேகத்துக்கு இடமானது ஒரு நாள் முன்பின்தான். நாள் தெரியாது என்று சொல்லிவிட்டுப் போனவருடைய வாக்கிலிருந்தே நாளைக் கண்டுபிடிப்பது, பிரசங்கத்துக்கு அழகு சேர்க்குமேயன்றி வேறொன்றுக்கும் உதவாது. ஒரு பண்டிகையை ரயில்வே கால அட்டவணையாக்கிப் பார்க்கும் இந்த ஆர்வம், யூதர்களைக் காட்டிலும் அமெரிக்காவிலிருந்து வரும் யாத்திரிகர்களிடமே மிகுதி என்பதையும் கண்டேன்.

பாவநிவாரண நாளில் இந்தக் கணக்குகளுக்கெல்லாம் வேலையில்லை. அதற்கு முன்தினம் பிற்பகலிலேயே கடைகள் அடைபட்டு, பஸ்கள் நின்று, விமான நிலையம் மூடி, வானொலியும் தொலைக்காட்சியும் ஓய்ந்து, சூரியன் சாய்வதற்குள் நகரம் முழுவதும் வாகனச் சத்தமே இல்லாத ஒரு மௌனத்தில் அமிழ்ந்துவிடுகிறது. வெள்ளை வஸ்திரம் தரித்து, தோல் செருப்பு ஆகாதென்பதால் காலில் துணிச் செருப்போடு, முதியவர்கள் நடுச்சாலையில் நடந்து ஜெப ஆலயத்துக்குச் செல்கிறார்கள். சிறுவர்களோ, ஆண்டில் இந்த ஒரு நாள் மோட்டார்கள் ஓடாது என்ற ஆனந்தத்தில், நாற்சந்திகளின் சிவப்பு விளக்கைச் சட்டை செய்யாமல் சைக்கிளில் பறக்கிறார்கள். தண்ணீரும் பருகாமல் ஏறத்தாழ 25 மணி நேரம் உபவாசம். 1973 அக்டோபர் 6-ஆம் தேதி இதே மௌனத்தின் நடுவில் பிற்பகல் இரண்டு மணிக்கு அபாயச் சங்கு ஒலித்து யுத்தம் மூண்டதை, அந்த வயதுக்காரர்கள் ஒவ்வொருவரும் நேற்று நடந்ததுபோல் விவரிக்கிறார்கள்.

எனக்கு இருந்த கேள்வியை அந்தச் சபையின் மூப்பரிடம் கேட்டேன். எழுபது வயதைக் கடந்தவர். மொராக்கோவிலிருந்து பிள்ளைப் பிராயத்தில் வந்தவர். தச்சு வேலையில் கையெல்லாம் காய்த்துப்போனவர்.

"ஐயா, மேசியா ஒரேதரம் தம்மைப் பலியிட்டார், பாவநிவாரணம் முடிந்துவிட்டது என்று எபிரெயருக்கு எழுதின நிருபம் சொல்கிறது, நீங்களும் அதையே விசுவாசிக்கிறீர்கள். அப்படியிருக்க, இந்த உபவாசம் எதற்கு?"

அவர் உடனே பதில் சொல்லவில்லை. "எங்களில் எல்லாரும் இருப்பதில்லை. அதோ அந்தப் பெண்ணைக் கேளுங்கள், தீர்ந்த கடனுக்கு மறுபடியும் வட்டி கட்டுவானேன் என்பாள். அவள் சொல்வதும் சரிதான். நான் எனக்காக இருக்கவில்லை. நான் விசுவாசத்துக்கு வந்த புதிதில் என் தாயார் உயிரோடு இருந்தார். அவர் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் சுருண்டு கிடக்கும்போது, நான் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போய் அவரிடம் மேசியாவைப் பற்றிப் பேசினால், இவன் நம்மை விட்டே போய்விட்டான் என்றுதானே நினைப்பார்? ஜனங்கள் பட்டினி கிடக்கிற நாளில் நானும் கிடக்கிறேன். அவர்களுக்காக ஜெபிக்கிறேன். வேறு விளக்கம் எனக்குத் தெரியாது, நீங்கள் படித்தவர்" என்றார்.

கி.பி. 70-இல் தேவாலயம் இடிந்தபோது, ஆண்டுக்கொருமுறை பிரதான ஆசாரியன் மகா பரிசுத்த ஸ்தலத்தினுள் இரத்தத்தோடு பிரவேசிக்கும் சடங்கும் அழிந்தது. பலியின்றிப் பாவநிவாரணம் எவ்வாறு என்ற ஒரே கேள்விக்கு, மனந்திரும்புதலும் பிரார்த்தனையும் தர்மமும் என்று ரபிமாரும், சிலுவையில் சிந்திய இரத்தம் என்று யேசுவாவின் சீஷரும், ஒரே இடிபாட்டின் இரு கரைகளில் நின்று விடை கண்டார்கள். இவ்விரண்டு விடைகளும் மேசியானிய ஆராதனையில் ஒருங்கே ஒலிக்கின்றன. பாவங்களை ஒப்புக்கொள்ளும் பழைய ஜெபத்தை, நாங்கள் பாவம் செய்தோம் என்று பன்மையிலேயே சொல்லி, ஒவ்வொரு குற்றத்துக்கும் மார்பில் தட்டிக்கொள்கிறார்கள். உடனே ஏசாயாவின் 53-ஆம் அதிகாரத்தை வாசிக்கிறார்கள். பவுலின் கடற்பயணத்தை வர்ணிக்கும் லூக்கா, உபவாச நாளும் கழிந்துபோனதால் கப்பல் செலுத்துவது அபாயம் என்று காலத்தைக் குறித்திருப்பதை ஒருவர் எனக்கு எடுத்துக்காட்டினார். மேசியாவின் முதல் சீஷருக்கு இந்த நாள் பஞ்சாங்கத்தில் உயிரோடு இருந்தது என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம் என்றார். எனக்கும் அந்தச் சான்று திருப்தியாயிருந்தது.

மற்றொரு சான்று அவ்வளவு திருப்தியாயில்லை. தல்மூதின் யோமா என்ற பகுதியில் ஒரு செய்தி இருக்கிறது. வனாந்தரத்துக்கு விரட்டப்படும் வெள்ளாட்டுக்கடாவோடு தொடர்புடைய சிவப்புக் கயிறு, பாவம் மன்னிக்கப்பட்டதற்கு அடையாளமாக முன்னாளில் வெளுத்து வந்தது. ஆலயம் அழிவதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பிருந்து அது வெளுக்கவில்லை. பரிசுத்த ஸ்தலத்தின் கதவுகள் தாமே திறந்துகொண்டன. யோகனான் பென் சக்காய் என்ற ரபி அவற்றைக் கடிந்துகொண்டார் என்பது அந்தச் செய்தி. எழுபதில் நாற்பது போனால் முப்பது. ஏறக்குறைய அந்த ஆண்டில்தான் சிலுவை மரணம் என்று மேசியானியர் சுட்டும்போது கேட்பவருக்கு மெய்சிலிர்ப்பது இயல்பே. ஆனால் அதை எழுதிவைத்தவர்கள் அப்படிப் பொருள் கொள்ளவில்லை. வரப்போகும் அழிவின் அபசகுனங்களாகவே அவற்றை அடுக்கினார்கள். நாற்பது என்பது யூத நூல்களில் அடிக்கடி வரும் ஒரு முழு எண். இணைத்துத் தியானிப்பது விசுவாசியின் சுதந்தரம். வழக்காடி வெல்ல அதைச் சாட்சிக்கூண்டில் ஏற்றுவது, பிறருடைய நூலைப் பிறரிடமிருந்து பறிப்பதாகும். அந்தத் தச்சரின் பட்டினி, இந்த நாற்பதாண்டுக் கணக்கைவிடப் பெரிய வியாக்கியானம் என்று எனக்குப் பட்டது.

மாலையில், வாசல்கள் அடைபடும் வேளையின் ஜெபம் என்று பெயர்பெற்ற கடைசி ஆராதனையின்போது, பசியால் வெளிறிய முகங்களோடு எல்லாரும் எழுந்து நின்றார்கள். தாங்கள் குத்தினவரை நோக்கிப் பார்த்து இஸ்ரவேல் புலம்பும் நாள் வரும் என்ற சகரியாவின் தீர்க்கதரிசனத்தைச் சொல்லித் தங்கள் ஜாதிக்காக அழுதார்கள். ஒரே நீண்ட எக்காள ஒலி. அதன்பின் ரொட்டி, சூப், பேச்சு, சிரிப்பு. அந்த இரவிலேயே வெளியே சுத்தியல் சத்தம் கேட்கத் தொடங்கியது.

நான்கு நாட்களுக்குள் எருசலேமின் முகமே மாறிவிடுகிறது. மாடி முகப்புகளிலும் முற்றங்களிலும், உணவு விடுதிகளின் வாசல்களிலும் கூடாரப் பண்டிகைக்கான கொட்டகைகள் எழுகின்றன. கூரை செடிகொடிகளாலேயே ஆனதாக இருக்கவேண்டும். வெயிலைவிட நிழல் மிகுந்திருக்கவேண்டும். அதே சமயம் இரவில் நட்சத்திரங்கள் தெரியும்படி இடைவெளியும் விடவேண்டும். நகரசபையார் வெட்டிக் குவித்த பேரீச்ச மட்டைகளை ஜனங்கள் தலையிலும் கார் முகட்டிலும் சுமந்து செல்கிறார்கள். வைதிகர் வாழும் பகுதிகளில், ஒரு வீட்டின் முகப்பு மேல்வீட்டின் முகப்புக்கு நேர்கீழே அமையாமல், திறந்த வானம் கிடைக்கும்படி விலக்கி விலக்கிக் கட்டியிருப்பதைக் கண்டு, இந்த ஏழு நாட்களுக்காகவே வீடு கட்டும் முறையையும் மாற்றிக்கொண்டார்களே என்று அதிசயித்தேன்.

பேரீச்சங்குருத்து, நறுமணமுள்ள மிர்ட்டில் கிளை, ஆற்றலரிக்கொம்பு, எத்ரோக் என்ற நார்த்தை இனத்துப் பழம் ஆகிய, பண்டிகைக்கு வேண்டிய நான்கும் விற்கும் சந்தையில், எத்ரோக்கைத் தேர்ந்தெடுப்பவர்களைப் பார்ப்பது ஒரு தனி வேடிக்கை. நீண்ட தாடியுள்ள ஒருவர் பழத்தைப் பஞ்சிலிருந்து எடுத்து, பூதக்கண்ணாடியை ஒரு கண்ணில் பொருத்தி, நுனிக்காம்பு முறியாமல் இருக்கிறதா, தோலில் கரும்புள்ளி உண்டா என்று திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, முப்பது பழங்களுக்குமேல் தள்ளி வைத்தார்; கடைக்காரர் முகம் சுளிக்கவில்லை. பக்கத்தில் நின்ற நம் மூப்பர் கையில் கிடைத்த இரண்டாவது பழத்தையே வாங்கிக்கொண்டார்.

அவருடைய கொட்டகையில் ஒரு மாலை விருந்துண்டேன். பின்லாந்து தேசத்து மாது ஒருத்தி, எத்தியோப்பியாவிலிருந்து வந்த ஒரு தம்பதியர், கலிலேயாவைச் சேர்ந்த ஓர் அரபுக் கிறிஸ்தவர் ஆகியோரும் அங்கே இருந்தார்கள். பேச்சு சகரியாவின் 14-ஆம் அதிகாரத்துக்குச் சென்றது. சகல ஜாதிகளிலும் மீதியானவர்கள் வருஷந்தோறும் கூடாரப் பண்டிகையை ஆசரிக்க எருசலேமுக்கு வருவார்கள், வராதவர்களுக்கு மழை இல்லை என்று தீர்க்கதரிசி கூறும் அவ்வதிகாரம், பண்டிகையின் முதல் நாளில் ஜெப ஆலயங்களிலும் வாசிக்கப்படுகிறது. மற்றப் பண்டிகைகள் இஸ்ரவேலுக்கு உரியவை, இதுவொன்று பூமிக்கெல்லாம் உரியது, அதனால்தான் மேசியாவின் அரசாட்சிக்கு இது முன்னடையாளம் என்று பின்லாந்து மாது உற்சாகமாகச் சொன்னாள். அதுவரை பேசாதிருந்த கலிலேயர், "எல்லாரும் 16-ஆம் வசனத்திலிருந்தே வாசிக்கிறீர்கள். அதிகாரம் முதல் வசனத்திலிருந்து தொடங்குகிறது" என்றார். நகரம் பிடிபடுவதும் வீடுகள் கொள்ளைபோவதும் பெண்கள் அவமானப்படுவதும் அந்த முதல் வசனங்களில் இருக்கின்றன. சற்று நேரம் யாரும் பேசவில்லை. மூப்பர் அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தார்.

யோவான் சுவிசேஷத்தின் 7-ஆம் அதிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு சீலோவாம் குளத்துக்குப் போனேன். சில்வான் என்ற பாலஸ்தீனியர் குடியிருப்பின் அடிவாரத்தில், 2004-இல் சாக்கடைக் குழாயைப் பழுதுபார்க்கத் தோண்டியபோது வெளிப்பட்ட அகன்ற கற்படிகள், ரோனி ரைக், எலி ஷுக்ரோன் என்ற ஆராய்ச்சியாளர்களால் இரண்டாம் ஆலய காலத்தவை என்று உறுதிசெய்யப்பட்டன. பண்டிகை நாட்களில் இந்தக் குளத்திலிருந்து பொற்குடத்தில் நீர் மொண்டு, எக்காள முழக்கத்தோடு மேலே கொண்டுபோய்ப் பலிபீடத்தில் வார்த்து மழைக்காக வேண்டினார்கள். இரவில் ஸ்திரீகளின் பிராகாரத்தில் ஏற்றிய பெரும் பொன்விளக்குகளுக்கு, ஆசாரியர்களின் கிழிந்த உடைகளையே திரியாகத் திரித்தார்கள் என்று மிஷ்னா கூறுகிறது. தாகமாயிருக்கிறவன் என்னிடத்தில் வரட்டும் என்ற கருத்தில் இயேசு சத்தமிட்டது அந்தப் பண்டிகையின் கடைசி நாளில். உலகத்துக்குத் தாமே ஒளி என்றதும் அதை அடுத்து. நம் ஊரில் இந்த அதிகாரங்களை எத்தனையோ பிரசங்கங்களில் கேட்டிருக்கிறேன். குடமும் விளக்கும் இல்லாமலே கேட்டிருக்கிறேன். மழை காணாத அந்த வெடித்த மண்ணில், ஏறுவெயிலில், படிகளிலிருந்து ஆலய மேட்டைப் பார்த்து நின்றபோது, யோவான் எழுதியது பண்டிகைச் செய்தி என்பது விளங்கியது. மேசியானியர் நமக்குச் செய்யும் பேருபகாரம் எது என்று கேட்டால், எதிர்காலத்தைப் பற்றிய அவர்களுடைய வரைபடங்களைத் தள்ளிவிட்டு, இதைத்தான் சொல்வேன்.

அந்த வாரத்திலேயே நகரவீதிகளில் பெரும் ஊர்வலம் ஒன்று நடக்கிறது. 1980-இல் எருசலேமில் ஏற்பட்ட சர்வதேச கிறிஸ்தவத் தூதரகம் என்ற ஸ்தாபனம் ஆண்டுதோறும் நடத்தும் கூடாரப் பண்டிகைக்கு வருகிறவர்களும் அதில் சேர்ந்து நடக்கிறார்கள். மூவர்ணக்கொடி பிடித்த கூட்டத்தில் பட்டுப்புடவைகளையும் கண்டேன், தமிழ்ப் பேச்சையும் கேட்டேன். வழியில் நின்ற பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்துக்கொண்டே போனார்கள். என் அருகில் நின்ற மேசியானிய இளைஞர், "இவர்களுக்குக் கிடைக்கும் கைத்தட்டல் எங்களுக்குக் கிடைப்பதில்லை" என்று சிரித்தார். வெளிநாட்டுக் கிறிஸ்தவன் நண்பன். உள்நாட்டு விசுவாசி வீட்டை விட்டுப் போனவன். பண்டிகையில் ஜாதிகளுக்கு இடமிருக்கிறது, தமக்கு இருக்கிறதா என்பதே அவர்களுடைய ஓயாத கேள்வி.

எட்டாம் நாளில் மழைக்கான ஜெபமும், தோரா வாசிப்பை முடித்து மறுபடியும் ஆதியாகமத்தைத் தொடங்கும் ஆனந்தக் கூத்தும் நடக்கின்றன. சுருள்களை மார்போடு அணைத்துக்கொண்டு ஏழு முறை சுற்றி ஆடுகிறார்கள். மேசியானியரும் ஆடினார்கள், மூப்பரும் தம் முழங்கால் வலியோடு ஆடினார். 2023 அக்டோபர் 7-ஆம் தேதி காலையில் தாக்குதல் நடந்தது இதே திருநாளில்தான். அதைத் தொடர்ந்த போரில் காஸாவில் மடிந்தவர்கள் பல்லாயிரம். அதற்குப்பின் அந்த நாட்டில் இந்த நாள் பழைய ஆனந்தத்தோடு திரும்பவில்லை.

இப்போது நம் நாட்டிலும் சில சபைகளில் ஆட்டுக்கொம்பு ஊதுகிறார்கள், பிரசங்க மேடையில் கூடார அலங்காரம் செய்கிறார்கள். தடுக்க எனக்கு அதிகாரம் இல்லை. ஊதுகிறவர்கள், இக்கொம்பை ஈராயிரம் ஆண்டுகளாக அடிபட்டும் விடாமல் வைத்திருந்த ஜனங்களைப் பற்றி அதே மேடையில் இழிவாகப் பேசாமலிருந்தால் போதும். நேரில் போய்க் காண விரும்புவோர், கூடாரப் பண்டிகைக்கென்று ஏற்பாடாகும் சுற்றுலாவோடு நிறுத்திக்கொள்ளாமல், பாவநிவாரண நாளுக்கு முன்பே போய்ச் சேருங்கள். முன்தினம் நண்பகலுக்குள் ரொட்டியும் தண்ணீரும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அதன்பின் ஒரு கடையும் திறந்திராது. மேசியானிய சபை எதற்காவது உங்களை அழைத்தால், அங்கே வருவது வீட்டாருக்குத் தெரியாத சிலர் உட்கார்ந்திருக்கக்கூடும். புகைப்படக் கருவியை விடுதியிலேயே விட்டுச் செல்லுங்கள்.